அரை விரல் தளர்வு

கொட்டகைக்குள் இருக்கும்போது காரின் துணிக் கூரை முரசுத் தோல் மாதிரி விறைப்பாக இருந்தது. வண்டியை வெளியே கொண்டுவந்து பார்த்தால் தொய்ந்து கிடந்தது. சரி, தொய்வை எடுத்துவிடுவோம் என்று மறுபடி உள்ளே கொண்டுபோனால், எடுப்பதற்கு அங்கே தொய்வே இல்லை. விரலால் சுண்டினேன். டம்மென்று பதில் சொன்னது.

ஒரு தடவை என்றால் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் இப்படியே.

வண்டி என் நாத்தனாருடையது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டக்கூடிய பழைய கார். அவளைவிட வயதில் மூத்தது. மூடிப்போன ஓர் அச்சகத்தின் பின்பக்கம், உடைந்த எழுத்துப் பெட்டிகளுக்கு நடுவே கிடந்ததை ஆறு வருடத்துக்கு முன்னால் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. அது போக மிச்ச நேரமெல்லாம் இந்த வண்டிக்கு. எஞ்சின் ஓடத் தொடங்கியது, விளக்குகள் எரிந்தன, இருக்கைகளுக்கு நானே உறை தைத்துப் போட்டேன். பாக்கி இருந்தது கூரை ஒன்றுதான்.

அதற்குள் அவளுக்கு மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் புது வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமை காலை கிளம்ப வேண்டும். ஒன்றரை நாள் பயணம். அங்கே வருடத்தில் பாதி நாள் மழை. குடியிருப்பில் வண்டி வெட்டவெளியில்தான் நிற்க வேண்டும். இங்கேயே விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. எங்கள் சந்துக்குள் கார் நுழையாது, மெக்கானிக்கின் கொட்டகையில் இந்த மாதக் கடைசி வரைதான் இடம். ஒரு பல் டாக்டர் வெகுநாளாக அந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவு சொல்வதாக அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். கூரை சரியாக நின்றால் வண்டி அவளோடு மலைக்குப் போகும். நிற்காவிட்டால் டாக்டரோடு போகும். அவள் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் கொட்டகைக்கு வரும்போதெல்லாம் வண்டியின் பின்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் என் பக்கம் திரும்புவாள்.

நான் தைப்பது கித்தான். கடை முகப்புக்குச் சாய்ப்பு, படகுக்கு உறை, லாரிக்குப் படுதா. கார்க் கூரை அதுவரை தைத்ததில்லை. என் கணவர், அதாவது அவளுடைய அண்ணன், "படகைக் கவுத்துப் போட்டா அதுதான் கார்க் கூரை, பயப்படாதே" என்று தைரியம் சொன்னார். அவருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

துணி தேர்ந்தெடுக்கவே ஒரு வாரம் ஆனது. கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று ரெக்சின். வழவழவென்றிருக்கும், ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் குளிரில் விறைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் பல வருடம் மடிபட்டால் அந்த மடிப்பில் வெடிக்கும். இன்னொன்று மூன்றடுக்குக் கித்தான். மேலே நெருக்கமாக நெய்த கெட்டித் துணி, கீழே மெல்லிய பருத்தி, இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் படலம். மழையைத் தடுப்பது அந்த நடு அடுக்குதான். மேல்துணி அதை வெயிலிலிருந்து காக்கிறது, கீழ்த்துணி அதை நம் நகத்திலிருந்து காக்கிறது. ஓரத்தைப் பிரித்து மூன்றையும் அவளுக்குக் காட்டினேன். மேலே தோல், கீழே சதை, நடுவில் எலும்பு என்று தொட்டுத் தொட்டு எண்ணினாள். எலும்பு நடுவில் இருப்பதுதான் சரி என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

நிறத்தில்தான் சண்டை. அவளுக்குச் சிவப்பு வேண்டுமாம். வண்டி பாலாடை நிறம். அதன்மேல் சிவப்பு வைத்தால் மருந்து பாட்டிலுக்கு மூடி போட்ட மாதிரி இருக்கும் என்றேன். கடைசியில் கரும்பச்சையில் சமாதானம் ஆனோம். அந்தப் பச்சையில் கடைக்காரரிடம் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. அந்த நெசவு இனி வராது என்றார். எங்கள் தேவைக்கு மேல் ஒரு முழம்தான் கூடுதல். பின்பக்க ஜன்னலுக்குக் கண்ணாடி வைக்கலாமா என்று கேட்டாள். கண்ணாடி மஞ்சளாகாது, உண்மைதான், ஆனால் மடியாது. இந்தக் கூரையோ மடிந்து, இருக்கைக்குப் பின்னால் ஒரு சாண் குழிக்குள் அடங்க வேண்டியது. அதனால் வளையக்கூடிய பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் ஜிப். நாலைந்து வருடத்தில் மங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

இந்த மாதிரிக் கூரை எப்படி நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் என் சிக்கல் புரியும்.

வண்டியின் இரு பக்கமும் மடங்கும் இரும்புக் கைகள். அவற்றுக்குக் குறுக்கே, தலைக்கு மேல், மூன்று வில்கள், அதாவது வளைந்த கம்பிகள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு அகலமான சட்டம். கூரையை மூடும்போது இந்த முன் சட்டம் முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் வந்து உட்காரும். இரண்டு கொக்கிகள் அதை இறுக்கிப் பூட்டும். துணியின் பின்விளிம்பை வண்டியின் உடம்போடு சேர்த்து அடித்துவிடுவோம். முன்விளிம்பை முன் சட்டத்துக்கு அடியில் மடித்து, பசை தடவி, ஸ்டேப்ளர் பின் அடிப்போம். ஆக, பின்னால் உடம்பு, முன்னால் கண்ணாடி விளிம்பு, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் துணியின் மொத்த இழுவிசையும். வில்கள் துணியைத் தாங்குவதில்லை. வடிவம் மட்டும் கொடுக்கின்றன. தாங்குவது இழுவிசைதான்.

பழைய கூரை கந்தலாக இருந்ததால் அதை வைத்து அளவெடுக்க முடியவில்லை. ஒரு பழைய படுக்கை விரிப்பைச் சட்டத்தின் மேல் போட்டு, குண்டூசி குத்தி, கரிக்கோடு போட்டு, மாதிரி எடுத்தேன். மெக்கானிக் அப்போது பிரேக் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரங்களைக் கழற்றிவிட்டு வண்டியை நான்கு ஸ்டாண்டுகளின் மேல் உயர்த்தி வைத்திருந்தார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. "இப்படியே இருக்கட்டும் டெய்லரம்மா, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிடும்" என்றார். நல்ல மனுஷன். மாதிரி எடுத்தேன், வெட்டினேன், தைத்தேன், சனிக்கிழமை சாயங்காலம் ஏற்றினேன். முன்விளிம்பை மட்டும் பசை போடாமல், சாணுக்கு ஒரு பின் என்று தற்காலிகமாக அடித்தேன். கொக்கி பூட்டியதும் கூரை விறைத்து நின்ற அழகைப் பார்த்து என் கணவர் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் சக்கரங்களை மாட்டி வண்டியை வெளியே எடுத்தார். நாத்தனார் ஓட்ட, நான் பக்கத்தில். பெரிய சாலையில் வேகம் எடுத்ததும் தலைக்கு மேல் பட் பட் பட்டென்று ஒரு சத்தம். அவள் மெதுவாக்கினாள், சத்தம் நின்றது. வேகம் எடுத்தாள், மறுபடி வந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு மேலே கைவைத்துப் பார்த்தாள்.

"அண்ணி, இது மூச்சு விடுது" என்றாள்.

துணி, வில்லுக்கும் வில்லுக்கும் நடுவே, என் விரல் பட்டதும் உள்ளே குழிந்தது. நீளத்தில் மொத்தம் எவ்வளவு தளர்வு என்று முன்விளிம்பில் கிள்ளிப் பார்த்தேன். அரை விரல் அகலம். அவ்வளவுதான். ஆனால் அரை விரல் என்பது சின்ன விஷயம் இல்லை. சந்தேகமிருந்தால் சுவரில் ஒரு முழ இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து நடுவே நூலை விறைப்பாகக் கட்டிப் பாருங்கள். பிறகு நூலின் நீளத்தில் ஒரு நெல்லளவு கூட்டுங்கள். நடுவில் தொங்குவது நெல்லளவாக இருக்காது, கட்டைவிரல் அகலத்துக்குத் தொங்கும். துளித் தளர்வைத் துணி பல மடங்காக்கிக் காட்டும். அந்தத் தொய்வைக் காற்று பிடித்துக்கொண்டால் ஒன்றரை நாள் பயணத்தில் பல்லாயிரம் தடவை அடிக்கும். தையல் துளைகள் கிழிந்து, மலை ஏறுவதற்குள் கூரை கந்தலாகிவிடும்.

திங்கட்கிழமை நான் போவதற்குள் மெக்கானிக் மறுபடி சக்கரங்களைக் கழற்றி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார். பிரேக்குக்கு இன்னொரு சாமான் வந்திருந்ததாம். கூரையைத் தொட்டேன். விறைப்பு. அழுத்தினேன். குழியவில்லை. நேற்று நான் பார்த்தது இந்தக் கூரைதானா?

இருந்தாலும் நேற்றைய அரை விரல் என் கைக்குத் தெரியும். பின்களைப் பிடுங்கி, துணியை அரை விரல் முன்னால் இழுத்து, திரும்ப அடித்தேன். இப்போது கொக்கி எட்டவில்லை. மெக்கானிக்கும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் முன் சட்டத்தை அமுக்கினார்கள். பின்மூலையில் இருந்து நறுக்கென்று ஒரு சத்தம். கையைக் காட்டி நிறுத்தினேன். அங்கே தையலில் மூன்று ஊசித் துளைகள் நீண்டு, நடு அடுக்கின் ரப்பர் தெரிந்தது. இன்னொரு அமுக்கு அமுக்கியிருந்தால் மூலையே போயிருக்கும். மூலையை வெட்டிப் புதுசு வைக்கும் அளவுக்கு அகலமான துண்டு என்னிடம் இல்லை. துணியைப் பழைய இடத்துக்கே விட்டுப் பின்களை அடித்தேன்.

இழுத்தால் மூடவில்லை. விட்டால் படபடக்கிறது. முன்விளிம்பில் மடித்து அடிக்க மிச்சமிருந்தது மூன்று விரல் துணி.

அன்றைக்கு என் மூளை எந்த வழியில் ஓடியது என்பதைச் சொல்ல வேண்டும். இருபத்தி இரண்டு வருடமாகத் துணியோடு வேலை செய்கிறேன். துணி நனைந்தால் இறுகும், காய்ந்தால் விடும், குறுக்கே இழுத்தால் நீளும். கம்பம் அப்படியே நிற்கும், படகு அப்படியே நிற்கும், லாரி அப்படியே நிற்கும். இருக்கிறதிலேயே அசைவது துணிதான். எனவே, தப்பு துணியில். வெளியே வெயில், உள்ளே நிழல். வெயிலில் துணி நீள்கிறது, நிழலில் சுருங்குகிறது. வேறென்ன இருக்க முடியும்?

செவ்வாய்க்கிழமை வண்டியை மறுபடி இறக்கி வெளியே நிறுத்தச் சொன்னேன். தொய்ந்தது. பார்த்தீங்களா, வெயில் என்றேன். மெக்கானிக் தலையை ஆட்டினார். வெயிலைப் பற்றி அவருக்கும் ஒரு மறுப்பும் இல்லை.

வீட்டுக்கு வந்து, வெட்டியதில் மிஞ்சிய ஒரு முழ நீளக் கித்தான் பட்டையை எடுத்தேன். ஒரு முனையைப் பலகையில் அறைந்து, மறுமுனையில் இஸ்திரிப் பெட்டியைத் தொங்கவிட்டு, பட்டையின் நுனி எங்கே நிற்கிறது என்று பலகையில் கோடு போட்டேன். புதன்கிழமை காலை பத்து மணியிலிருந்து மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். பன்னிரண்டு மணிக்குத் தொட்டால் கை சுட்டது. கோடு? நுனி கோட்டிலேயே நின்றது. ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அன்று சாயங்காலம் மேகமூட்டமாக, குளுகுளுவென்று இருந்தது. வண்டியை அந்தக் குளிர்ச்சியில் வெளியே நிறுத்திப் பார்த்தோம். நன்றாகத் தொய்ந்தது.

ஆக, வெயில் இல்லை. நாத்தனார் மூலைத் தையலில் நீண்டுபோன துளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டரிடம் நாளைக்கே சொல்லிவிடட்டுமா என்று என்னிடம் கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வண்டியை மட்டும் தடவவில்லை. வெள்ளிக்கிழமை என்று சொன்னால் வெள்ளிக்கிழமைதான், ஒரு நாள் முன்னாடி சொல்ல நீ யாருடி என்றேன். சொல்லிவிட்டேனே ஒழிய, கையில் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை காலை வண்டி ஸ்டாண்டில் இருந்தது. கிழிந்த மூலையை உள்பக்கத்திலிருந்து கையால் தைத்துப் பலப்படுத்த, நான் வண்டிக்குள் ஏறி இருக்கையில் மண்டிபோட்டிருந்தேன். இடது உள்ளங்கையைத் துணிக்கு அடியில் கொடுத்துக்கொண்டு, வலது கையில் ஊசி. வெளியே மெக்கானிக், பிரேக் முடிந்தது, வண்டியை இறக்கப் போகிறேன், அசையாமல் இருங்கள் என்று குரல் கொடுத்தார். ஜாக்கியால் வண்டியைத் துளி தூக்கினார். ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக உருவினார், ஜாக்கியின் எண்ணெய் உஸ்ஸென்று இறங்கியது. வண்டி தன் சக்கரங்களின் மேல் மெல்ல உட்கார்ந்தது.

என் உள்ளங்கைக்கு மேலே துணி இளகியது.

காற்று இல்லை. வெயில் இல்லை. நான் இழுக்கவில்லை. பலகை மாதிரி இருந்த துணி என் கைக்குள் உயிருள்ள ஒன்று மாதிரி மெத்தென்று இறங்கியது.

அண்ணே, திரும்ப ஏத்துங்க என்றேன். எதற்கு என்றார். ஏத்துங்க சொல்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கியை அமுக்கினார். வண்டி உயர்ந்தது. ஸ்டாண்டுகள் அடியில் வந்தன. என் உள்ளங்கையின் மேல் துணி இறுகி, இறுகி, பலகையானது. இறக்குங்க. இளகியது. ஏத்துங்க. இறுகியது.

நான் ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. துணி அசையவில்லை அண்ணே, வண்டி அசையுது, இரும்பு வளையுது என்றேன்.

"ஆமா, வளையும். மேல மூடி இல்லாத வண்டிதானே" என்றார் அவர், ஜாக்கியைத் துடைத்துக்கொண்டே. "ஸ்டாண்டுல இருக்கறப்ப கதவுகூட நேரா சாத்தாது. அதனாலதான் அப்ப கதவை நான் தொடறதே இல்ல. இது தெரிஞ்ச விஷயந்தானே டெய்லரம்மா?"

"யாருக்குண்ணே தெரிஞ்ச விஷயம்?"

அவர் யோசித்தார். "எனக்கு" என்றார்.

பாக்கெட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் காட்டினார். உள்பெட்டி உள்ளே இருக்கும்போது முறுக்கிப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. உள்பெட்டியை மட்டும் உருவி, இரு முனையையும் பிடித்து வளைக்கச் சொன்னார். வெற்றிலை மாதிரி வளைந்தது. அதே அட்டை, அதே கனம். நான்கு பக்கமும் மூடியிருந்தால் ஒரு பக்கம் வளையப் பார்க்கும்போது எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ளும். மேல்பக்கத்தை எடுத்துவிட்டால் பிடிக்க ஆள் இல்லை. கூரை வைத்த கார் மூடிய தீப்பெட்டி, இது உள்பெட்டி.

அவருடைய ஸ்டாண்டுகள் நான்கும் வண்டியின் நடுப்பகுதியில், கதவுகளுக்கு அடியில் நின்றன. அப்போது முன்னால் எஞ்சினின் கனமும் பின்னால் டிக்கியின் கனமும் இரு முனைகளையும் கீழே இழுக்கின்றன. வண்டி நடுவில் மேடாக வளைகிறது. முன்கண்ணாடி துளி முன்னால் சாய்கிறது, கண்ணாடி விளிம்புக்கும் பின்பக்கத்துக்கும் இடைவெளி கூடுகிறது, துணி இறுகுகிறது. சக்கரத்தில் நின்றால் தலைகீழ். தாங்குவது முனைகளில், கனம் நடுவில். நடு தாழ்கிறது, கண்ணாடி பின்னால் சாய்கிறது, இடைவெளி குறைகிறது, துணி தொய்கிறது. நான் மாதிரி எடுத்தது, அளந்தது, வெட்டியது, ஏற்றியது எல்லாம் ஸ்டாண்டின் மேல். ஓடவே ஓடாத ஒரு வண்டிக்குத் தைத்திருக்கிறேன்.

புரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் எனக்குத் தீரவில்லை. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளினேன். வண்டி உடம்பின் பின்விளிம்பில் ஒரு நைலான் நூலைக் கட்டி, திறந்த வண்டியின் மேலாக இழுத்துவந்து, முன்கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம் தொங்கவிட்டு, நுனியில் ஒரு நட்டைக் கட்டினேன். நட்டு கண்ணாடியின் மேல் அமைதியாகத் தொங்கியது. அது இருந்த இடத்தில் கண்ணாடியில் சோப்பால் ஒரு கோடு. இடைவெளி குறைந்தால் நட்டு இறங்க வேண்டும், கூடினால் ஏற வேண்டும்.

அந்த நேரத்துக்கு நாத்தனார் வந்து சேர்ந்தாள், கூடவே என் கணவரும். மெக்கானிக் ஜாக்கியை இறக்கினார். யாரும் நூலைத் தொடவில்லை. நட்டு கண்ணாடியின் மேல் ஊர்ந்து இறங்கியது. அரை விரல். சரியாக அரை விரல். ஏற்றினார், ஊர்ந்து ஏறிக் கோட்டுக்கு வந்து நின்றது. ஒரு டன்னுக்குப் பக்கமான இரும்பு எங்கள் நாலு பேருக்கு நடுவே ஒரு சத்தமும் இல்லாமல் வளைந்து நிமிர்ந்தது. ஆறு வருடமாக அதைத் தினமும் தொட்ட அவளுக்கும் தெரியாது. தெரிந்திருந்த மெக்கானிக்கும் அதைப் பார்த்ததில்லை. பீடியைப் பற்றவைக்க எடுத்தவர் மறந்துபோய்க் கையிலேயே வைத்திருந்தார்.

வண்டி சக்கரத்தில் நின்றபோது நாத்தனாரை உள்ளே உட்காரச் சொன்னேன். அவள் ஒல்லி, உயரத்தால் அண்ணன் அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். நட்டு இன்னும் ஒரு அரிசியளவு இறங்கியது. இறங்கி நின்றாள். ஏறியது. மறுபடி உட்கார்ந்தாள், கண்ணாடி வழியாக நட்டையே பார்த்தபடி.

"நான் உக்காந்தாகூட இதுக்குத் தெரியுதா அண்ணி?"

"கொக்குக்கே இப்படின்னா, நான் உக்காந்தா நட்டு ரோட்டுக்குப் போயிடும்" என்றார் என் கணவர். அவரையும் உட்கார வைத்தோம். ரோட்டுக்குப் போகவில்லை, இரண்டு அரிசியளவு இறங்கியது. அவருக்கு அதில் ஏமாற்றமா பெருமையா என்று தெரியவில்லை. பிறகு மெக்கானிக்கும் உட்கார்ந்து பார்த்தார். தனக்கு எவ்வளவு என்று ரகசியமாக என்னிடம் கேட்டார். அரை மணி நேரம் வேலையை விட்டுவிட்டு நாலு பெரிய மனிதர்கள் ஒரு நட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனையோ கம்பத்திலும் படகிலும் கித்தான் கட்டியிருக்கிறேன். அவையெல்லாம் அசையாமல் நின்றன என்று எப்படி அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்?

நடுவில் அவள்தான் கேட்டாள்: இப்படி வளைகிற வண்டியில் மலை ஏறலாமா? மெக்கானிக் அடிப்பக்கம் படுத்து, கதவுகளுக்குக் கீழே ஓடும், பெட்டி மாதிரி மூடிய இரும்புச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கணீரென்று கேட்டது. துரு தின்றிருந்தால் பொத்தென்று கேட்கும் என்றார். இவ்வளவு வளைவது இந்த வண்டியின் இயல்பு, நோயில்லை. வளையாவிட்டால்தான் எங்காவது உடையும்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி தொடங்கினோம். கொட்டகையின் தரை சமமாக இருந்த இடத்தை ரசமட்டம் வைத்துத் தேடி, வண்டியை அங்கே சக்கரங்களில் நிறுத்தினோம். அவள் கொண்டுபோகப் போகிற பெட்டிகளை வீட்டிலிருந்து வரவழைத்துப் பின்னாலும் பக்கத்து இருக்கையிலும் ஏற்றினோம். ஓட்டுநர் இருக்கையில் அவள். முன் சட்டத்தைக் கண்ணாடி விளிம்பில் உட்கார வைத்துக் கொக்கி பூட்டினேன். முன்விளிம்புப் பின்களை ஏற்கெனவே பிடுங்கியிருந்ததால் துணி தளர்வாகக் கிடந்தது. சட்டத்தின் மேலாக வந்து கண்ணாடியின் மேல் தொங்கியது. உள்ளே அவளுக்குப் புழுக்கம். இன்னும் எவ்வளவு நேரம், கொஞ்சம் மூச்சு விடலாமா, மூச்சு விட்டால் நட்டு இறங்குமா என்று உள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. நீ பேசினாலே ரெண்டு அரிசி இறங்குது, வாயை மூடு என்றேன்.

துணியைக் கையால் முன்னால் நீவி, சுருக்கம் போன இடத்தில் நிறுத்தி, சட்டத்தின் விளிம்பு நெடுக சாக்பீஸால் ஒரே கோடு. பிறகு கொக்கியைக் கழற்றி, முன் சட்டத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, கோடு விளிம்பைத் தாண்டி ஒரு அரிசியளவு அடியில் போகும்படி துணியை இழுத்தேன். பூட்டும்போது விறைப்பைக் கொடுப்பது அந்த ஒரு அரிசிதான். நடுவிலிருந்து தொடங்கி இடது ஒன்று, வலது ஒன்று என்று பின் அடித்துக்கொண்டு போனேன். பழைய பின் துளைகளிலிருந்து ஒரு விரலுக்கும் குறைவாகத்தான் துணி முன்னால் வந்திருந்தது. கொக்கி, டக்கென்று, ஒரே கையில் பூட்டியது. மூலையில் சத்தம் இல்லை. அதற்குப் பிறகுதான் பசை, அதற்குப் பிறகுதான் மிச்சத்தை வெட்டியது.

மத்தியானம் பெரிய சாலையில் அதே இடத்தில் வேகம் எடுத்தாள். பக்கத்து இருக்கையில் பெட்டிகளுக்குப் பதிலாக நான். முள் எண்பதைத் தொட்டது. மேலே கையை வைத்துப் பார்த்தேன். காற்று போகிற அதிர்வு தெரிந்தது, அடிப்பு இல்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் சாலையைப் பார்த்து ஓட்டு என்றேன். திரும்பி வந்ததும் டாக்டருக்குப் போன் செய்து, வண்டி தன்னோடு வருகிறது என்று சொன்னாள். அவர் வருத்தப்பட்டதாகவும், பல் ஏதாவது வலித்தால் வரச் சொன்னதாகவும் சொன்னாள்.

பிறகு வண்டியின் டாஷ்போர்டில் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்து, என்றைக்காவது அந்த ஊரில் இந்தத் துணியை வேறு யாராவது மாற்ற வேண்டி வந்தால் அவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். ஒரு தாள் கேட்டு வாங்கி, மெக்கானிக்கின் பேனாவால் எழுதி உள்ளே வைத்தேன்:

இந்த வண்டி வளையும். ஸ்டாண்டின் மேல் வைத்துக் கூரைக்கு அளவெடுக்க வேண்டாம். நான்கு சக்கரத்தில், சமதரையில் நிறுத்துங்கள். சாமானை ஏற்றி, ஓட்டுகிறவரை உட்கார வையுங்கள். முன் சட்டத்தைப் பூட்டிய பிறகு துணியில் கோடு போடுங்கள். கொக்கியைக் கழற்றி, கோட்டை ஒரு அரிசியளவு உள்ளே இழுத்து, நடுவிலிருந்து பின் அடியுங்கள்.